கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள் யார்? ஒரு சிறுநீரகக் கல் ஆய்வின் விகிதங்களை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தல்

ஒரு விகிதத்தை எழுத இரண்டே எண்கள் போதும்: கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இவ்வளவு எளிய கணக்கில் பிழைக்கு எங்கே இடம் என்று தோன்றலாம். வகுத்தலில் தவறு நேர்வது அரிதுதான். கீழே எந்த எண்ணை வைப்பது என்று தீர்மானிக்கும்போதும், வந்த விடையை வாக்கியமாக எழுதும்போதும்தான் ஆய்வுக் கட்டுரைகள் சறுக்குகின்றன. பல கட்டுரைகளிலிருந்து ஆளுக்கொரு எடுத்துக்காட்டைப் பொறுக்குவதைவிட, ஒரே ஆய்வை எடுத்துக்கொண்டு அதன் எண்களை முதலிலிருந்து கடைசிவரை கையால் போட்டுப் பார்ப்பது தெளிவு தரும் என்பதால், புள்ளியியல் வகுப்புகளில் பலமுறை பேசப்பட்ட ஒரு மருத்துவ ஆய்வை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அது பலமுறை பேசப்பட்டாலும் பெரும்பாலும் பாதியில் நிறுத்தப்பட்ட கதை.

ஆய்வும் அதன் எண்களும்

சிறுநீரகக் கற்களுக்கான சிகிச்சை முறைகளில் எது அதிக வெற்றி தருகிறது, எது செலவுக்கு ஏற்றது என்று ஒப்பிட்டு, சாரிக், வெப், பேய்ன், விக்கம் ஆகிய நால்வரும் 1986ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இடம்பெற்ற நோயாளிகள் 1052 பேர். அவர்களில் 350 பேர் உடலைத் திறந்து செய்யும் வழக்கமான அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள். 350 பேருக்குத் தோலில் சிறு துளையிட்டு, அதன் வழியே கருவியைச் செலுத்திக் கல் அகற்றப்பட்டது. 328 பேருக்கு உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல் உடைக்கப்பட்டது. 24 பேருக்குத் துளைவழி முறையும் அதிர்வலையும் சேர்த்துச் செய்யப்பட்டன. மூன்று மாதங்களுக்குப் பிறகு கல் முற்றிலும் இல்லாமலோ, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான துகள்களாகவோ இருந்தால் அது வெற்றி என்று வரையறுத்துக்கொண்டார்கள். திறந்த அறுவையில் 273 பேர் (78%), துளைவழி முறையில் 289 பேர் (83%), அதிர்வலையில் 301 பேர் (92%), இரண்டும் சேர்ந்த குழுவில் 15 பேர் (62%) என வெற்றிகள் பதிவாகியிருந்தன.

முதல் வேலை கூட்டிப் பார்ப்பது. 350, 350, 328, 24 ஆகியவற்றைக் கூட்டினால் 1052 சரியாக வருகிறது. நூறு கட்டுரைகளை வாசிப்பவருக்கு இது வீண்வேலையாகத் தெரியலாம். ஆனால் குழுக்களின் கூட்டுத்தொகை மொத்தத்தோடு ஒத்துவராத அட்டவணைகள் அச்சில் வராமலில்லை. ஒத்துவராத இடத்தில் யாரோ சிலர் எங்கோ விடுபட்டிருக்கிறார்கள், அல்லது இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்து சதவீதங்கள். 273ஐ 350ஆல் வகுத்தால் 78.0, 289ஐ 350ஆல் வகுத்தால் 82.57; 301ஐ 328ஆல் வகுத்தால் 91.77. மூன்றும் முழு எண்ணாக்கும்போது அச்சில் உள்ளவையே வருகின்றன. நான்காவதில் ஒரு சின்ன நெருடல் இருக்கிறது: 15ஐ 24ஆல் வகுத்தால் கச்சிதமாக 62.5. பள்ளியில் கற்ற முறைப்படி இது 63 ஆகவேண்டும். பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு, அப்படிச் செய்தால் 62. இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 24 பேர் கொண்ட குழுவில் ஒருவரின் நிலை மாறினாலே விகிதம் 4.2 புள்ளிகள் நகர்ந்துவிடுகிறது. அங்கே அரைப் புள்ளியைப் பற்றி வாதாடுவது வீண் என்பதைத்தான் இந்த நெருடல் நினைவூட்டுகிறது. 350 பேர் கொண்ட குழுவில் ஒருவரின் பங்கு 0.29 புள்ளி. ஆகவே அங்கே ஒரு தசம இடம் எழுதலாம், 82.57 என்று இரண்டாவது இடம் வரை எழுதுவதில் பயனில்லை. 24 பேர் கொண்ட குழுவில் 62.50% என்று எழுதுபவர், கையில் இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொள்கிறார்.

இந்தக் கட்டுரையைப் பாராட்டவேண்டிய இடமும் இதுவே. ஆசிரியர்கள் சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் வைத்து, எண்ணிக்கையை அதற்கு முன்னால் வைத்தார்கள். 350 பேரில் 83% என்று மட்டும் அச்சாகியிருந்தால், அந்த எண் 289, 290, 291, 292 ஆகிய நான்கில் எதுவாகவும் இருந்திருக்கலாம். நான்குமே 83 என்றுதான் முழுமையாகும். சிறு குழுக்களில் நிலைமை தலைகீழ்: 24 பேரில் 62% என்றால் அது 15ஆக மட்டுமே இருக்கமுடியும், ஏனெனில் 14 பேர் என்றால் 58.3, 16 பேர் என்றால் 66.7. ஒருவேளை 24 பேர் கொண்ட குழுவுக்கு 60% என்று யாராவது எழுதியிருந்தால், மூலத் தரவைப் பார்க்காமலேயே அது நடக்கவியலாத எண் என்று சொல்லிவிடலாம். பிரவுன், ஹெதர்ஸ் ஆகிய இருவர் இதே தர்க்கத்தைச் சராசரிகளுக்குப் பொருத்தி உளவியல் கட்டுரைகளைச் சோதித்தபோது, சோதிக்க முடிந்த 71 கட்டுரைகளில் 36இல் குறைந்தது ஒரு சராசரியாவது கொடுக்கப்பட்ட குழு அளவோடு பொருந்தவில்லை. அவற்றில் எல்லாம் மோசடி நடந்தது என்று பொருளல்ல. பெரும்பாலும், விடுபட்டவர்களைக் கழித்துக் கணக்கிட்டுவிட்டு, கழிக்காத குழு அளவை அட்டவணையில் எழுதினாலே இந்தப் பொருத்தமின்மை வந்துவிடும்.

கீழே வைக்கப்படும் எண்

மூன்று மாதம் கழித்து வந்து சோதனை செய்துகொண்டால்தான் வெற்றியா தோல்வியா என்று தெரியும். மூன்று மாதம் என்பது நீண்ட காலம். இத்தகைய எந்த ஆய்விலும் சிலர் திரும்பி வருவதில்லை. அவர்களைக் கோட்டுக்குக் கீழே வைப்பதா, விட்டுவிடுவதா? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 350 பேருக்குச் சிகிச்சை, அவர்களில் 20 பேர் திரும்பி வரவில்லை, வந்தவர்களில் 289 பேருக்கு வெற்றி என்று கொள்வோம். வந்தவர்களை மட்டும் வைத்தால் 289/330, அதாவது 87.6%. வராதவர்களைத் தோல்வியாகக் கொண்டால் 82.6%. வராதவர் அனைவரும் குணமானதால்தான் வரவில்லை என்று கொண்டால் 88.3%. ஒரே ஆய்வுக்கு மூன்று விடைகள். மூன்றில் எதை எடுத்தாலும் குற்றமில்லை, எதை எடுத்தோம் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம். அதைவிட மோசமானது, ஒரு குழுவுக்கு 350ஐயும் மற்றொன்றுக்கு 330ஐயும் கோட்டுக்குக் கீழே வைத்துவிட்டு இரண்டு சதவீதங்களையும் அருகருகே நிறுத்துவது.

எண்ணப்படுவது எது என்பதும் இங்கே கேள்வி. ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டு. கற்கள் எத்தனையும் இருக்கலாம். நோயாளிகளை எண்ணினால் ஒரு விகிதம், சிறுநீரகங்களை எண்ணினால் வேறு, கற்களை எண்ணினால் மற்றொன்று. கற்களை எண்ணும்போது கோட்டுக்குக் கீழே உள்ள எண் பெருகிவிடுவதால் ஆய்வு பெரிதாகத் தோன்றும். ஆனால் ஒரே உடலிலுள்ள ஐந்து கற்கள் ஐந்து தனித்தனிச் சான்றுகள் அல்ல. அவற்றின் போக்கு பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். கண், பல், மூட்டு பற்றிய ஆய்வுகளிலும் இதே சிக்கல் உண்டு. சிறுநீரகக் கல் ஆய்வு நோயாளிகளை எண்ணியது. அது சரியான தேர்வு.

கல்லின் அளவைச் சேர்த்தபோது

எட்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், அதே இதழில் ஜூலியஸ், மல்லீ ஆகியோர் முதல் இரண்டு முறைகளின் எண்களைக் கல்லின் அளவுப்படி பிரித்துக் காட்டினார்கள். எல்லைக்கோடு 2 சென்டிமீட்டர். அதற்கும் குறைவான கற்களில், திறந்த அறுவை 87 பேரில் 81 பேருக்கு வெற்றி தந்திருந்தது, அதாவது 93%. துளைவழி முறை 270 பேரில் 234 பேருக்கு, அதாவது 87%. பெரிய கற்களில் திறந்த அறுவை 263 பேரில் 192 பேருக்கு, அதாவது 73%. துளைவழி முறை 80 பேரில் 55 பேருக்கு, அதாவது 69%.

சின்னக் கல்லிலும் திறந்த அறுவை முன்னால் நிற்கிறது, பெரிய கல்லிலும் முன்னால் நிற்கிறது. இரண்டையும் சேர்த்தால் பின்னால் போய்விடுகிறது. முதன்முறை பார்ப்பவர் தட்டச்சுப் பிழை என்றே நினைப்பார். 81ஐயும் 192ஐயும் கூட்டினால் 273. 234ஐயும் 55ஐயும் கூட்டினால் 289. கணக்கு சரியாகவே இருக்கிறது.

காரணம் கோட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. திறந்த அறுவை பெற்ற 350 பேரில் 263 பேருக்கு, அதாவது நான்கில் மூன்று பேருக்கு, பெரிய கல். துளைவழி முறை பெற்ற 350 பேரில் பெரிய கல் உள்ளவர்கள் 80 பேர் மட்டுமே, நான்கில் ஒருவருக்கும் குறைவு. பெரிய கல்லை அகற்றுவது எந்த முறையிலும் கடினம். ஆகவே கடினமான வேலையை அதிகம் ஏற்றுக்கொண்ட முறையின் மொத்த விகிதம் கீழிறங்குகிறது. மொத்த விகிதம் என்பது இரண்டு உட்பிரிவு விகிதங்களின் நிறையிட்ட சராசரிதான், அதாவது ஆட்கள் அதிகமுள்ள உட்பிரிவுக்கு அதிக எடை தரும் சராசரி. இரு குழுக்களுக்கும் நிறைகள் வெவ்வேறாக இருக்கும்போது அந்தச் சராசரிகளை ஒப்பிடுவது, ஒரே தேர்வை எழுதாத இரு மாணவர்களின் மதிப்பெண்களை ஒப்பிடுவதைப் போன்றது. 350, 350 என்று இரு குழுக்களும் ஒரே அளவில் இருந்தது வாசகரை மேலும் ஏமாற்றியது என்று எனக்குப் படுகிறது. சம எண்ணிக்கை சமமான ஆட்கள் என்ற எண்ணத்தைத் தந்துவிடுகிறது.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குச் சிம்ப்சன் முரண்பாடு என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் இதை 1951இல் எழுதினார். யூல் 1903லேயே இதைக் கவனித்திருந்தார். சிம்ப்சனின் பெயரை இதற்குச் சூட்டியவர் பிளைத், 1972இல்.

நிறையைச் சமமாக்கினால் என்ன வரும் என்று போட்டுப் பார்க்கலாம். இரு குழுக்களிலும் சேர்த்துச் சின்னக் கல் உள்ளவர்கள் 357 பேர், பெரிய கல் உள்ளவர்கள் 343 பேர், மொத்தம் 700. இந்த 700 பேருக்கும் திறந்த அறுவையே செய்திருந்தால், உட்பிரிவு விகிதங்களின்படி சுமார் 332 பேரும் 250 பேரும் வெற்றி பெற்றிருப்பார்கள். மொத்த விகிதம் 83.3%. அனைவருக்கும் துளைவழி முறை என்றால் சுமார் 309 பேரும் 236 பேரும், 77.9%. அச்சில் வந்த 78ம் 83ம் ஏறத்தாழ இடம் மாறி நிற்கின்றன.

ஆனால் நிறை எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் ஒரு தேர்வுதான். திறந்த அறுவைக் குழுவின் கலவையை அளவுகோலாக வைத்தால் 78.0%, 73.2%, வேறுபாடு 4.8 புள்ளி. துளைவழிக் குழுவின் கலவையை வைத்தால் 88.5%, 82.6%, வேறுபாடு 5.9 புள்ளி. இரண்டும் சேர்ந்த கலவையில் 5.4. திசை மாறவில்லை, அளவு மாறுகிறது. இப்படி நிறையைச் சமமாக்கித் தரப்படுத்திய விகிதம் ஒன்றை வெளியிடும் கட்டுரை, யாருடைய கலவைக்குத் தரப்படுத்தினோம் என்பதை அதே வாக்கியத்தில் சொல்லியாகவேண்டும்.

வகுப்பில் பாதியில் நிற்கும் கதை

பெரும்பாலான விளக்கங்கள் இங்கே முடிந்துவிடுகின்றன: மொத்தத்தை நம்பினால் துளைவழி முறை, பிரித்துப் பார்த்தால் திறந்த அறுவை, ஆகவே திறந்த அறுவையே சிறந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. முதல் முடிவு எவ்வளவு அவசரமானதோ, இரண்டாவது முடிவும் கிட்டத்தட்ட அவ்வளவு அவசரமானது. இரண்டிலும் ஒரே குறை: விகிதங்களோடு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று தரவு காட்டும் வீச்சு, எழுதப்படவில்லை.

மொத்த எண்களில் துளைவழி முறையின் மேன்மை 4.6 புள்ளி. இரு விகிதங்களின் வேறுபாட்டுக்கான வழக்கமான சூத்திரத்தைப் போட்டால், 95% நம்பிக்கை இடைவெளி −1.3 முதல் 10.5 வரை வருகிறது. சுழியம், அதாவது இரு முறைகளுக்கும் வேறுபாடே இல்லை என்பது, அதற்குள்ளேயே இருக்கிறது. அதாவது தலைகீழாகப் புரட்டப்பட்ட அந்த முதல் முடிவே தொடக்கத்திலிருந்து உறுதியானதல்ல. பிரித்த பிறகு, சின்னக் கற்களில் திறந்த அறுவையின் மேன்மை 6.4 புள்ளி, இடைவெளி −0.3 முதல் 13.1 வரை. பெரிய கற்களில் 4.3 புள்ளி, இடைவெளி −7.2 முதல் 15.7 வரை. தரப்படுத்திய 5.4 புள்ளிக்கு இடைவெளி −1.2 முதல் 11.9 வரை. நான்கு ஒப்பீடுகளிலும் சுழியம் உள்ளே நிற்கிறது. ஆக, புகழ்பெற்ற இந்த முரண்பாட்டில் முரண்படும் இரண்டு தரப்புகளுமே, தரவு தாங்கக்கூடியதைவிட உரக்கப் பேசுகின்றன. கணித விநோதமாக இந்த எடுத்துக்காட்டு அருமையானது. சிகிச்சைப் பரிந்துரையாக அதைப் படிப்பது வேறு விஷயம்.

அதோடு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை. திறந்த அறுவை பெற்றவர்கள் பழைய பதிவுகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். கல்லின் அளவு ஒன்று நமக்குத் தெரிந்ததால் பிரித்துவிட்டோம். கல் இருந்த இடம், நோயாளியின் வயது, அறுவை செய்தவரின் அனுபவம் போன்றவற்றாலும் பிரித்தால் எண்கள் மீண்டும் புரளாது என்பதற்கு இந்த அட்டவணைக்குள் எந்த உத்தரவாதமும் இல்லை.

இடைவெளியைக் கணக்கிடும் முறை பற்றி ஒரு குறிப்பு அவசியம். விகிதத்தைச் சுற்றி இருபுறமும் சம தூரம் வைக்கும் எளிய சூத்திரம், குழு சிறியதாகவோ விகிதம் 0க்கோ 100க்கோ அருகிலோ இருக்கும்போது தடுமாறும். 24 பேரில் 15 பேருக்கு அது 43.1 முதல் 81.9 வரை தருகிறது; வில்சன் 1927இல் தந்த சூத்திரம் 42.7 முதல் 78.8 வரை தருகிறது. இங்கே வேறுபாடு பெரிதில்லை. 24 பேரில் ஒருவருக்குக்கூடச் சிக்கல் வரவில்லை என்று வைத்துக்கொண்டால், எளிய சூத்திரம் 0 முதல் 0 வரை என்று சொல்லிவிடும்; ஆபத்தே இல்லை என்ற அபாயகரமான விடை அது. அத்தகைய இடத்தில், 3ஐக் குழுவின் அளவால் வகுத்தால் 95% மேல் எல்லை தோராயமாகக் கிடைக்கும் என்ற கைக்கணக்கு மருத்துவ ஆய்வாளர்களிடையே புழக்கத்தில் உண்டு. 3/24 என்றால் 12.5%. ஒருவருக்கும் நேரவில்லை என்ற தரவு, எட்டில் ஒருவருக்கு நேரலாம் என்பதை மறுக்கவில்லை.

ஒரே எண்ணுக்கு நான்கு வாக்கியங்கள்

மறுபடி மொத்த எண்களுக்கே வருவோம்: 78.0%, 82.6%. இவற்றை வைத்து ஒருவர் எழுதக்கூடிய வாக்கியங்கள் பல. வெற்றி 4.6 சதவீதப் புள்ளி கூடியது என்று எழுதலாம். வெற்றி 5.9 சதவீதம் கூடியது என்றும் எழுதலாம், ஏனெனில் 289 என்பது 273ஐவிட அவ்வளவு அதிகம். தோல்வி 20.8 சதவீதம் குறைந்தது என்றும் எழுதலாம், ஏனெனில் தோல்விகள் 77இலிருந்து 61ஆகக் குறைந்தன. வெற்றியைத் தோல்வியால் வகுத்துக் கிடைக்கும் ஆட்ஸ் 1.34 மடங்கு ஆனது என்றும் எழுதலாம். நான்கும் கணக்கில் சரியானவை. எந்த வாக்கியம் தலைப்புச் செய்தியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இவற்றில் அதிகம் தீங்கு செய்வது கடைசி வாக்கியம்தான் என்பது என் கருத்து. ஆட்ஸ் விகிதம் 1.34 என்பதை வெற்றி வாய்ப்பு 34 சதவீதம் கூடியது என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். உண்மையில் கூடியது 5.9 சதவீதம். விளைவு அரிதாக நிகழும்போது இரண்டும் அருகருகே நிற்கும். இங்கே போல ஐந்தில் நான்கு பேருக்கு நிகழும்போது இரண்டும் வெகுதூரம் விலகிவிடும். சதவீதம், சதவீதப் புள்ளி ஆகிய இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பலர் அறிவார்கள், ஆனால் எழுதும்போது அரைச் சொல் சேமிக்கிறார்கள். மருத்துவச் சோதனைகளை அறிக்கையிடுவதற்கான 2010ஆம் ஆண்டின் கன்சார்ட் நெறிமுறை, ஆம்-இல்லை வகை விளைவுகளுக்கு நேர் வேறுபாடு (சதவீதப் புள்ளியில்), ஒப்பு வேறுபாடு (மடங்கிலோ சதவீதத்திலோ) இரண்டையும் தருமாறு பரிந்துரைக்கிறது. ஒன்று மட்டும் அச்சாகும் இடத்தில், மற்றொன்றை வாசகரே கணக்கிட்டுக்கொள்ள எண்ணிக்கைகளாவது இருக்கவேண்டும்.

இந்த முடிவை இன்று எழுதுவதாக இருந்தால், நான் எழுதும் பத்தி இப்படி இருக்கும்:

“2 சென்டிமீட்டருக்கும் குறைவான கற்களில், திறந்த அறுவை 87 பேரில் 81 பேருக்கும் (93.1%), துளைவழி முறை 270 பேரில் 234 பேருக்கும் (86.7%) மூன்று மாத இறுதியில் வெற்றி தந்தன, வேறுபாடு 6.4 சதவீதப் புள்ளி, 95% நம்பிக்கை இடைவெளி −0.3 முதல் 13.1. அதற்கு மேற்பட்ட கற்களில் முறையே 263 பேரில் 192 பேர் (73.0%), 80 பேரில் 55 பேர் (68.8%), வேறுபாடு 4.3 புள்ளி, இடைவெளி −7.2 முதல் 15.7. இரு குழுக்களிலும் கல்லின் அளவு பெரிதும் மாறுபட்டிருந்ததால் பிரிக்காத மொத்த விகிதங்களை ஒப்பிடவில்லை. சிகிச்சைகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படவில்லை.”

நான்கு வாக்கியங்கள், மூலக் கட்டுரையின் ஒற்றை வரியைவிட நீளம்தான். இதற்குள் இருக்கும் ஒவ்வொரு சதவீதத்தையும் வாசகர் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

ஒரு எண் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதிர்வலைச் சிகிச்சையின் 92%. 328 பேரில் 301 பேர். வில்சன் இடைவெளி 88.3 முதல் 94.3 வரை. மற்ற இரண்டு முறைகளின் மொத்த விகிதங்களைத் தாண்டி நிற்பதால் இது தெளிவான வெற்றி என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் வெளியிலிருந்து அதிர்வலையால் உடைப்பதற்கு ஏற்றவை பெரும்பாலும் சின்னக் கற்கள்; மிகப் பெரிய கற்களை வேறு முறைக்கோ இரண்டும் சேர்ந்த முறைக்கோ அனுப்புவதே வழக்கம். அப்படியிருக்க, அந்த 328 பேரில் பெரிய கல் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல், 92ஐ 78க்கும் 83க்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்த 92ஐ எதனோடாவது ஒப்பிடவேண்டுமென்றால், திறந்த அறுவை பெற்றவர்களில் சின்னக் கல் உள்ள 87 பேரோடு, அவர்களின் 93.1 சதவீதத்தோடு, 85.8 முதல் 96.8 வரை விரியும் அதன் இடைவெளியோடுதான் முதலில் ஒப்பிடவேண்டும்.